கொற்றவை மணலேறிய கதை

பாறை இல்ல தம்பி, அது கப்பல். நல்லாப் பாருங்க. கறுப்பா நீட்டிக்கிட்டு இருக்கே, அது பீரங்கி. வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. இன்னொரு பக்கத்துப் பீரங்கி மணலுக்குள்ள கெடக்கு, இங்கருந்து தெரியாது. படம் எடுக்கணும்னா இப்பவே எடுத்துக்கிடுங்க. வெயில் ஏறிட்டா வெறும் இருட்டாத்தான் விழும்.

அவசரமே இல்ல. லாஞ்சு இப்ப நகராது. முகத்துவாரத்துல தண்ணி ஏறுனாத்தான் அந்தப் பக்கம் உப்பளத்துறைக்குப் போக முடியும். நம்ம கடம்பத்தீவுக்கு நீங்க புதுசு போல, அதான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. இந்தக் கயித்துச் சுருள் மேல உக்காருங்க, ஈரம் இல்ல.

லாஞ்சுக்காரன் ஏறும்போதே உங்ககிட்ட ஒரு கதை சொல்லியிருப்பானே? கேப்டன் வாகீசர்னு ஒரு மகான் இருந்தாரு, ஊரைக் காப்பாத்தத் தன் கப்பலையே மணல்ல ஏத்துனாரு, அதுக்காக உசிரைக் குடுத்தாரு, கரையில சிலை இருக்கு, ஒரு மாலை போட்டுட்டுப் போங்க. அதானே? எனக்குத் தெரியும். வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றான். சுத்தப் பொய் தம்பி! நான் சொல்றதக் கேளுங்க. நான் யாருன்னு நெனச்சீங்க? அந்தக் கப்பலோட சுக்கானி. கஸ்பார் சுக்கானி. கப்பல் மணல்ல ஏறும்போது சக்கரம் என் கையில இருந்துச்சு. என் கையில! அந்தாளுக்குக் கப்பலோட்டத் தெரியாது. அவ்வளவுதான் விசயம். தெரியாம ஏத்திட்டான். அதுக்குப் போயி ஒரு சிலை.

முதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். கப்பலுக்குன்னு ஒரு சரித்திரம் இருக்குல்ல.

எங்கயோ பனி பெய்யுற தேசத்துல வேற ஒரு ராசாவுக்காகக் கட்டுன போர்க்கப்பல் அது. கட்டி முடிக்கறதுக்குள்ள அந்த ராசாவையே அவங்க ஊர்க்காரங்க வெரட்டிட்டாங்க. எடுக்க ஆளில்லாமத் துறைமுகத்துல துருப்பிடிச்சுக்கிட்டு நின்னத எங்க மகாராசா போயி வாங்கிட்டு வந்தாரு. அப்ப நம்ம தீவுக் கடற்படைன்னா நாலஞ்சு ரோந்துப் படகு, அவ்வளவுதான். அதுக்கு நடுவுல இவ வந்து நின்னா பாருங்க, தலைநகரம் கோட்டைத்துறை மொத்தமும் கரையில வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. கொற்றவைன்னு பேரு வச்சாங்க. நாங்க கப்பல்காரங்க ஆத்தான்னுதான் சொல்லுவோம். நான் வேதக்காரன், கோயிலுக்குப் போயி மாதாவைக் கும்பிடுறவன். நானும் ஆத்தான்னுதான் சொன்னேன். சொல்லாம இருக்க முடியாது. நிலக்கரி தின்னுவா பாருங்க, அப்படியொரு தீனி. ஆனா அலையில ஏறுனா கால் அதிராது.

பெரிய சண்டைன்னு ஒண்ணு வந்துச்சு, வடதீவுக்காரன் கூட. அதுல நாங்க என்ன செஞ்சோம்னு கேக்குறீங்களா? காவல் நின்னோம். நின்னோம், நின்னோம், எதிரியவே காணல. கடைசியில ஒருநாள் மூடுபனியில என்னமோ தெரியுதுன்னு நாலு பீரங்கியும் சேந்து சுட்டுச்சு. பனி வெலகுன பின்னால பாத்தா குருவிப்பாறை! பாதி உடஞ்சு போச்சு. பத்திரிகையில எதிரிக் கப்பலை மூழ்கடிச்சோம்னு போட்டாங்க. எனக்குக்கூட ஒரு பதக்கம் குடுத்தாங்க. சிரிக்காதீங்க. அப்ப கேப்டன் வேற ஆளு.

வாகீசர் அதுக்கப்புறம் வந்தாரு. வந்த கையோட புயல். இதோ இந்த உப்பளத்துறை மொத்தமும் தண்ணிக்குள்ள போச்சு, சனங்க கூரை மேலயும் தென்னமரத்துலயும் தொத்திக்கிட்டுக் கெடந்தாங்க. ஆத்தா வயிறு நெறய அரிசியும் மருந்தும் ஏத்திக்கிட்டு வந்தோம். இதே முகத்துவாரம்தான். இந்தப் பக்கம் இருக்கற மணல்திட்டுக்குப் பேய்த்திட்டுன்னு பேரு. கடல் மலை மாதிரி எழும்புது, எதுவும் கண்ணுக்குத் தெரியல, அந்த நேரத்துல பேய்த்திட்டை ஒட்டிக் கப்பலை உள்ள கொண்டுவந்து நிறுத்துனாரு அந்தாளு. அன்னைக்கு அதிர்ஷ்டம், வேற என்ன. ஊரே கப்பல் மேல ஏறிப் பொழச்சுது. பீரங்கி மேல தொட்டில் கட்டிப் புள்ளைங்களத் தூங்க வச்சாங்க. அதுலருந்து உப்பளத்துறைக்காரங்களுக்கு ஆத்தான்னா உசிரு.

இப்ப ஒண்ணு சொல்லணும், சுக்கானி வேலைன்னா என்னன்னு. கப்பல்ல கண்ணு கேப்டனோடது, கை என்னுது. அவரு ‘இடது பத்து’ன்னு, அதாவது இடது பக்கம் பத்து பாகை திருப்புன்னு சொன்னா, நான் ‘இடது பத்து, ஐயா’ன்னு சத்தமாத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் சக்கரத்தத் தொடணும். எதுத்துப் பேசக் கூடாது. ஏன்னு கேக்கக் கூடாது. ஆனா ஒரு வழி உண்டு. உத்தரவு சரியில்லன்னு மனசுல பட்டா அதயே ரெண்டு தடவ திருப்பிச் சொல்லலாம். ‘இடது பத்து, ஐயா. இடது பத்து, ஐயா.’ அப்படிச் சொன்னா, ஐயா, கொஞ்சம் யோசிங்கன்னு அர்த்தம். சட்டத்துல கிடையாது, ஆனா கப்பல்ல இருக்கற அத்தன பேருக்கும் தெரியும். அதுக்கப்புறமும் கேப்டன் அதையே சொன்னாருன்னா, திருப்பிட வேண்டியதுதான். பொறுப்பு அவருது, நம்மளது இல்ல. நான் என் சர்வீசுல ரெண்டு தடவ சொன்னது அபூர்வம். சொன்னா அதுல விசயம் இருக்கும்.

சரி. உப்பளத்துல வேலநிறுத்தம் வந்துச்சு. குடிக்கத் தண்ணியும் நிக்க நெழலும் கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. காவல்காரன் சுட்டான், அங்க நாலு பேரு விழுந்தாங்க. அதுக்கப்புறம் சனங்க கரையோரத்து உப்புக் கிடங்குக்குள்ள புகுந்து உக்காந்துட்டாங்க. ஆம்பளை, பொம்பளை, புள்ளகுட்டி எல்லாம். என் மருமகன் அருமைநாயகம் அதுல முன்னால நின்ன ஆளு. நான் வேணாம்னு சொல்லிப் பாத்தேன். அவன் எங்க கேக்கான்.

அரண்மனையிலருந்து மொதல்ல நெடுவாள்னு ஒரு சின்னக் கப்பலை அனுப்புனாங்க, கிடங்கைச் சுடச் சொல்லி. அந்தக் கேப்டன் நான் சுடமாட்டேன்னு சொல்லிட்டாரு. அங்கயே வெலங்கு மாட்டி இறக்கிட்டு அடுத்த ஆளை ஏத்துனாங்க. அடுத்த ஆளு சுட்டான். ஆனா சின்னப் பீரங்கிதான, செவுத்துல ஓட்டை விழுந்ததோட சரி. அதனாலதான் ஆத்தாவை அனுப்புனாங்க. ஆத்தா சுட்டா கிடங்கு மட்டுமா போகும்? பின்னால இருக்கற தெருவெல்லாம் போகும். அந்தத் தெருவுலதான் மிஷன் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியிலதான் என் மக ரொசாரி தலைப்பிரசவத்துக்குக் கெடந்தா. என் வீட்டுக்காரி மதலேன் கூட இருந்தா.

எப்படி இருந்திருக்கும்னு கேக்காதீங்க. நான் என்ன செய்ய முடியும்? குதிச்சு ஓடவா? சுக்கானி தம்பி நான். கப்பலுக்கு மூணு சுக்கானி, அதுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நான் இல்லாட்டி வேற எவனாவது கத்துக்குட்டி பிடிப்பான். மாதாவே, எப்படியாவது இந்தக் கப்பல் நின்னுறட்டும்னு மனசுக்குள்ள செபம் சொல்லிக்கிட்டே சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை மட்டும் நடுங்கல. நடுங்க விடல.

வாகீசருக்குப் பின்னால அரண்மனை ஆளு ஒருத்தன் இடுப்புல துப்பாக்கியோட நிக்கான். கேப்டன் ஏதாச்சும் மொரண்டு பிடிச்சா ரெண்டாவது ஆபீசரை வச்சு வேலைய முடிக்கறதுக்குத்தான் அவன் வந்ததே. ரெண்டாவது ஆபீசர் எப்படாப்பான்னு காத்துக்கிட்டு இருக்கான், அவனுக்கு அடுத்த பதவி மேல கண்ணு. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அப்ப வாகீசர் என் பக்கம் திரும்பிக் கேட்டாரு.

“சுக்கானி, உமக்கு இந்த ஊருதானே?”

“பொண்ணு குடுத்த ஊரு, ஐயா.”

“மக அங்கயா இருக்கா?”

“ஆமா ஐயா. ஆஸ்பத்திரியில. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, ஐயா.”

அவ்வளவுதான். ஒண்ணும் சொல்லல. ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லணும்ல? மனுசன்னா சொல்லணும்ல? சன்னல் வழியா ரொம்ப நேரம் தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் கடல் வரைபடத்தை எடுத்து விரிச்சாரு. தெரியாதவன்தான தம்பி அந்த நேரத்துல வரைபடம் பாப்பான்?

அதுக்கப்புறம் அந்தாளு செஞ்சதெல்லாம் கேட்டீங்கன்னா உங்களுக்கே வெளங்கும். சண்டைக்குப் போற கப்பல்ல ஆளுங்க எங்க இருக்கணும்? கீழ இருக்கணும். குண்டு அறையில, கொதிகலன்ல. இவரு என்ன செஞ்சாரு? கொதிகலனுக்கு ரெண்டு மூணு பேர விட்டுட்டு மத்த அத்தன பேரையும் மேல்தட்டுல அணிவகுத்து நிக்கச் சொல்லிட்டாரு! மிதவைச் சட்டைய மாட்டிக்கிட்டு! அரண்மனை ஆளு எதுக்குன்னு கேட்டான். மகாராசாவோட உத்தரவை எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்னாரு. ஆமா, அதுக்கு மிதவைச் சட்டை எதுக்கு? கிறுக்குத்தனம். பீரங்கிக்குக் குண்டு ஏத்தட்டுமான்னு கேட்டவங்ககிட்ட, உள்ள போயி நிறுத்துன பிறகு ஏத்தினாப் போதும்னாரு. எந்த ஊர்லயாவது உண்டா?

அன்னைக்குப் பௌர்ணமி. காலையில தண்ணி உச்சத்துக்கு ஏறியிருக்கு. அந்த மாசத்துலயே பெரிய கடல் ஏத்தம், நாங்க வெள்ளம்னு சொல்லுவோம், அதுதான். முகத்துவாரத்துக்குள்ள நுழையுறோம். கரை தெரியுது. மாதாவே, கரையப் பாத்தேன் தம்பி, ஊர் மொத்தமும் அங்க நிக்கு. ஓடி ஒளியல. துண்டத் தூக்கி ஆட்டுதாங்க. சேலை முந்தானையத் தூக்கி ஆட்டுதாங்க. ஆத்தா வந்துட்டா, இனி நெடுவாள் என்ன செய்யும்னு சந்தோசம் அவங்களுக்கு. புயலப்ப வந்த மாதிரி அரிசியோட வந்திருக்கோம்னு நெனச்சுட்டாங்க. சின்னப் புள்ளைங்க தண்ணிக்குள்ள எறங்கி நின்னு ஆத்தா, ஆத்தான்னு கத்துதுங்க. எங்களுக்குக் கேக்குது. மேல்தட்டுல நிக்குற பீரங்கிக்காரன் ஒருத்தன் வாயப் பொத்திக்கிட்டு அழுதான்.

அந்த எடத்துல கப்பல் ஊர்ந்துதான் போகணும். வாகீசர் வேகத்தக் கூட்டச் சொன்னாரு. கூட்டச் சொன்னாரு தம்பி! அரண்மனை ஆளு வெளிப்பக்கத்துக்குப் போயி தூரக்கண்ணாடியில கிடங்கப் பாத்துக்கிட்டு நிக்கான். ரெண்டாவது ஆபீசரும் மேல்தட்டு அணிவகுப்புல நிக்கான். சக்கர அறைக்குள்ள நானும் அவரும் மட்டும்தான்.

“வலது முழுசு,” அப்படின்னாரு.

வலது பக்கம் பேய்த்திட்டு. அதோ, அந்த மணல். கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். “வலது முழுசு, ஐயா”ன்னேன். அவரு பேசல. நான் சக்கரத்தத் தொடல. மறுபடியும் சொன்னேன். “வலது முழுசு, ஐயா.” ரெண்டு தடவ. சத்தமா. தெளிவா. என் கடமைய நான் செஞ்சேன்.

அவரு திரும்பி என் மூஞ்சியப் பாத்தாரு. “கேட்டேன், சுக்கானி. வலது முழுசு,” அப்படின்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

திருப்பிட்டேன்.

சத்தம் ஒண்ணும் பெரிசா இல்ல. அடியில என்னமோ அரைக்குற மாதிரி, ரொம்ப நேரம். அப்புறம் ஆத்தா ஒரு பக்கமாச் சாஞ்சா. மேல்தட்டுல நின்னவங்க உருண்டாங்க, கம்பியப் பிடிச்சாங்க, சில பேரு தண்ணியில விழுந்தாங்க, மிதந்தாங்க. ஒருத்தனும் சாகல. ஒருத்தன் கை முறிஞ்சுது, அவன் இன்னும் அந்தக் கையக் காட்டிக்கிட்டுப் பெருமையாத் திரியுதான். ஒரு பக்கத்துப் பீரங்கி வானத்துக்குப் போச்சு, இன்னொரு பக்கம் மணலுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் எங்க சுட? அரண்மனை ஆளு ஓடிவந்து துப்பாக்கிய எடுத்துக் கேப்டன் நெஞ்சுல வச்சான். வாகீசர் தொப்பியக் கழட்டி மேசை மேல வச்சுட்டு, தப்பு நடந்துபோச்சுன்னாரு.

கேட்டீங்களா? தப்பு நடந்துபோச்சுன்னு அவரு வாயாலேயே சொன்னாரு! அப்புறம் இவனுங்க சிலை வச்சு என்ன, மாலை போட்டு என்ன?

இன்னும் கேளுங்க. மணல்ல ஏத்துறவன், தண்ணி வத்தியிருக்கும்போது ஏத்துனாலும் பரவாயில்ல. அடுத்த வெள்ளம் தூக்கிவிட்டுரும். இந்தாளு பௌர்ணமி வெள்ளத்தோட உச்சியில, முழு வேகத்துல ஏத்துனாரு! அதுக்கப்புறம் எந்த வெள்ளம் வந்து தூக்கும்? இழுவைக் கப்பல் வந்து பாத்துச்சு, ஆளுங்க வந்து மணலத் தோண்டிப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல. இன்னைக்கு வரைக்கும் கெடக்கா பாருங்க. இப்படி ஒரு நேரத்தப் பாத்து ஏத்துறதுன்னா எவ்வளவு மடத்தனம் வேணும்! மீன்பிடிக்கற பய ஒருத்தன்கூடச் செய்யமாட்டான்.

மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, எதுக்கு மணல்ல ஏத்தணும்னு நான் அந்த லாஞ்சுக்காரன்கிட்டக் கேட்டேன். நெடுவாள் கேப்டன் மாட்டேன்னு சொல்லி என்ன ஆச்சுன்னு அவன் என்னையத் திருப்பிக் கேக்கான். எகத்தாளம்! சின்னப் பய.

அன்னைக்குச் சாயங்காலம் ரொசாரிக்குக் கொழந்தை பொறந்துச்சு. ஆண் கொழந்தை. எங்களைப் படகுல கரையேத்துனாங்க, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். துணியில சுத்தி என் கையில குடுத்தா மதலேன். அழுதுட்டேன் தம்பி. வெக்கமில்லாம அழுதேன். கிடங்குல இருந்த சனங்களோட அரண்மனை பேச்சுவார்த்தைக்கு எறங்கி வந்துச்சு. வேற வழி? சுட ஆத்தா இல்ல. தண்ணியும் குடுத்தாங்க, நெழலும் போட்டாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. என் பொழப்புதான் அதுக்கப்புறம் கெட்டுது.

கேப்டன் மேல கோட்டைத்துறையில விசாரணை வச்சாங்க. கடற்படைக் கோர்ட்டு. வாகீசருக்காகப் பேசுன ஆபீசர் கெட்டிக்காரன். கண்ணுல வெயில் அடிச்சுது, அடையாள மிதவை சரியாத் தெரியல, வாய் தவறி இடதுக்குப் பதிலா வலதுன்னு வந்துருச்சு, கவனக்குறைவு, பதவியப் பறிச்சு வீட்டுக்கு அனுப்புங்கன்னான். வாகீசரும் ஆமா, கவனக்குறைவுதான்னு சொல்லிட்டாரு. அதுக்குச் சட்டப்படி வேலை போகும், அவ்வளவுதான். ஆனா தெரிஞ்சே ஏத்தியிருந்தா ராசத்துரோகம். அதுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்.

அதத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு. சுக்கானி உத்தரவ எத்தன தடவ திருப்பிச் சொன்னான்? ஒரு தடவன்னா, கேப்டன் வாய் தவறுனது அவருக்கே தெரிஞ்சிருக்காது. ரெண்டு தடவன்னா, எச்சரிச்சிருக்கு, அதுக்கப்புறமும் சொல்லியிருக்காரு. அறையில இருந்தது நானும் அவரும் மட்டும்தான. ஆக என் வாயிலதான் இருந்துச்சு எல்லாம்.

நான் கோட்டைத்துறைக்குக் கெளம்புறதுக்கு முன்னால மதலேன் என் கால்ல விழுந்தா. “ஒரு தடவன்னு சொல்லிருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உத்தரவத் திருப்பிச் சொன்னேன், செஞ்சேன்னு சொல்லிருங்க,” அப்படின்னா. ரொசாரி பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கா. “அப்பா, அந்த மனுசன் சாகக் கூடாதுப்பா. ஒரு வார்த்தைதான,” அப்படிங்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “உங்களுக்கென்னடி தெரியும் கப்பலப் பத்தி? பைபிள்ல கைய வச்சுட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”ன்னு கத்திட்டுப் போனேன்.

நீங்களே சொல்லுங்க. நான் ஒரு தடவன்னு சொன்னா என்னன்னு நெனப்பாங்க? பேய்த்திட்டு கண்ணு முன்னால நிக்கு, இந்தச் சுக்கானி வாயத் தொறக்காம மாடு மாதிரித் திருப்பிட்டான்னு நெனப்பாங்க. கப்பல மணல்ல ஏத்துன சுக்கானின்னு என் பேரு நிக்கும். இத்தன வருச சர்வீசு! ஒரு தடவகூட உத்தரவுல தவறாத ஆளு நான். அவரு செஞ்ச தப்புக்கு என் பேரக் கெடுத்துக்கணுமா?

கோர்ட்டுல கேட்டாங்க. “சுக்கானி, உத்தரவை எத்தனை முறை திருப்பிச் சொன்னீர்?”

எதுக்க வாகீசர் நிக்காரு. தொப்பி இல்லாம, சின்னதாத் தெரிஞ்சாரு. என்னப் பாக்கல. வேணும்னே பாக்கலன்னு தோணுச்சு. அவருக்காகப் பேசுன ஆபீசர் என்ன முழுங்குற மாதிரிப் பாக்கான். நான் நிமிந்து நின்னு சொன்னேன்.

“ரெண்டு தடவை, ஐயா.”

நீதிபதி அடுத்ததக் கேட்டாரு.

“அதற்கு அவர் என்ன சொன்னார்?”

“கேட்டேன் சுக்கானி, வலது முழுசுன்னு சொன்னாரு, ஐயா.”

நடந்தது நடந்தபடி. ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல. பாராட்டுனாங்க. இப்படி ஒரு சாட்சிய நாங்க பாத்ததில்லன்னு தலைமை நீதிபதி சொன்னாரு. ரெண்டாவது பதக்கமும் குடுத்தாங்க.

காது மந்தமா இருந்திருக்கும் அந்தாளுக்கு. என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்லியிருப்பாரு. கேட்டேன்னுதான சொன்னாருன்னு கேக்குறீங்களா? ஆமா. கேட்டேன்னுதான் சொன்னாரு. அத விடுங்க. சில பேரு கேக்காமயே கேட்டேன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்லயே எத்தன பாக்குறோம்.

சுட்டுட்டாங்க. கோட்டை மதிலோரம் நிறுத்திச் சுட்டுட்டாங்க.

நான் உப்பளத்துறைக்கு வந்தேன். படகுத்துறையில ஒரு பய கைகுடுக்கல. சவரக் கடையில உக்காந்தேன், கடைக்காரன் கத்திய மடிச்சு வச்சுட்டு வெளிய போயிட்டான். போவட்டும்னு மக வீட்டுக்குப் போனா ரொசாரி கதவத் தொறக்கல. உள்ளருந்து அழுதா. மதலேன் கொஞ்ச காலம் என்கூட இருந்தா, பேசாம இருந்தா, பேசாமயே போய்ச் சேந்துட்டா. அதுகூடப் பரவாயில்ல தம்பி. என் மக என்ன செஞ்சா தெரியுமா? பேரனுக்கு அந்தாளு பேர வச்சா! சாமியாரு, இது வேதத்துல இல்லாத பேராச்சேன்னு ஞானஸ்நானம் குடுக்க யோசிச்சிருக்காரு. ஊரே கோயில்ல நின்னு வச்சே ஆகணும்னுட்டாங்க. சூசை வாகீசன். என் பேரன், என் ரத்தம், அந்தப் பேரோட திரியுதான். அதோ லாஞ்சு சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கானே, அவன்தான். உங்ககிட்டக் கதை சொன்னானே, அவனேதான். என்னை ஏத்திக்குவான், எறக்குவான். தாத்தான்னு ஒரு வார்த்தை வராது. சக்கரம் பிடிக்கறது மட்டும் என்ன மாதிரியே. கையப் பாருங்க, ஆடுதா?

எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஒரு விசயம்தான் உறுத்துது. அத யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க நாளைக்குப் போயிருவீங்க, அதனால சொல்றேன்.

தீர்ப்பு சொன்ன அன்னைக்கு. மரண தண்டனைன்னு வாசிச்சு முடிச்சாங்க. காவலுக்கு ரெண்டு பேரு வந்து வாகீசரைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. சாட்சிங்க உக்காந்திருந்த பெஞ்ச ஒட்டித்தான் வழி. என்கிட்ட வந்ததும் நின்னாரு. நான் எந்திரிச்சேன், பழக்கம், கேப்டன் வந்தா எந்திரிக்கணும். திட்டப் போறாருன்னு நெனச்சேன். காறித் துப்புனாலும் துப்பட்டும்னு நெனச்சேன். அதுக்குத் தயாராத்தான் நின்னேன்.

அவரு மெதுவாக் கேட்டாரு. “பேரனா பேத்தியா, சுக்கானி?”

“பேரன், ஐயா,” அப்படின்னேன்.

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க, ஐயா.”

சிரிச்சாரு தம்பி. கப்பல்ல இத்தன வருசத்துல அந்தாளு சிரிச்சு நான் பாத்ததில்ல. நல்லதுன்னு சொல்லி என் தோளத் தொட்டுட்டுப் போயிட்டாரு.

சாகப் போற மனுசன் கேக்குற கேள்வியா அது? நான் அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சோத்துல கைய வச்சா அதுதான், படுத்தா அதுதான். புத்தி பெரண்டிருக்கும், வேற என்ன.

அட, தண்ணி ஏறிருச்சு. எந்திரிங்க, எஞ்சின எடுக்கப் போறான். நீங்க படிச்சவங்களாத் தெரியுறீங்க. நாலு எடம் பாத்தவங்க. நான் சொன்னது பூரா கேட்டீங்கள்ல? கப்பலோட்டத் தெரியாத ஆளுதான தம்பி அவரு? தெரியாமத்தான ஏத்துனாரு? ஏன் பேசாம இருக்கீங்க? சும்மா ஒரு வார்த்தை, ஆமான்னு சொல்லுங்க தம்பி. கரைக்குப் போறதுக்குள்ள சொல்லிருங்க.